கடையாணி

“எலி தூங்கிப்போச்சுன்னா உங்களுக்கு யாரு மாமா சொல்லுவா?”

லவ்டே இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஞாயிறு ஆராதனை முடிந்து, இங்கிலாந்தின் டார்பாயின்ட் கரையில் இருந்த அவள் வீட்டில் பெரியவர்கள் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெவன்போர்ட் துறைமுகம். அவளுடைய அப்பா ஹெட்லி போல்கிளேஸும், அவள் மாமா என்று கூப்பிடும் ஏனோக் ட்ரெகென்சாவும் அங்கே சி-41 என்ற நீர்மூழ்கியில் வேலை பார்த்தார்கள். ஹெட்லி சுக்கான் பிடிக்கிறவன். ஏனோக் இஞ்சின் பக்கம்.

அந்தப் படகில் பெட்ரோல் இஞ்சின். எங்காவது ஒரு இணைப்பில் கசிந்தால் ஆவி உள்ளே சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு வாடை பழகிவிடும். ஆள் விழுகிறவரை தெரியாது. அதற்காகத்தான் இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டில் மூன்று வெள்ளைச் சுண்டெலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆவி ஏறினால் முதலில் அவை கத்திக்கொண்டு ஓடும். உடனே படகை மேலே கொண்டுவந்து மூடியைத் திறந்துவிடுவார்கள். எலிகளைப் பார்த்துக்கொள்வது ஏனோக்கின் பொறுப்பு. பைபிளில் அக்கினிச் சூளையிலிருந்து பிழைத்து வந்த மூவரின் பெயரைத்தான் அவன் அவற்றுக்கு வைத்திருந்தான்: சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ.

ஏனோக் இதைச் சொல்லி முடித்ததும்தான் லவ்டே அப்படிக் கேட்டாள்.

ஹெட்லி வாய்விட்டுச் சிரித்தான். “கேட்டியா மச்சான்? அட்மிரலுக்குக்கூடத் தோணலை இது!”

ஏனோக் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கூண்டுக்கு மேல் சாக்கட்டியால் எழுதிவைத்தான்: ‘முங்குகிற நாளில் தீனி கிடையாது.’ வயிறு நிறைந்த எலி தூங்கும். பசித்த எலி முழித்திருக்கும்.

“ஏனோக் எலிங்களுக்கு உபவாசம் வெச்சிட்டான்டா,” என்றான் டார்பீடோ பக்கத்து ஆள் ஒருவன்.

“அடுத்த வாரம் ஞானஸ்நானம்,” என்றான் ஜேகோ ரண்டில். படகிலேயே சின்னவன் அவன். ஏனோக்கின் ஜெபக்கூடத்துக்கு வரும் ரண்டில் அம்மாவின் ஒரே மகன்.

சிரித்தார்களே தவிர யாரும் அந்த விதியை மீறவில்லை. மாலையில் படகு கரைக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு துணுக்கு பிஸ்கட்டோ பாலாடைக்கட்டியோ கொண்டுவந்து கூண்டில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கடுகடுத்த ஆட்கள்கூட அந்த நேரத்தில் குழந்தைகளாகிவிடுவார்கள். அதைப் பார்ப்பது ஏனோக்குக்குப் பிடிக்கும். இத்தனை சின்ன உயிருக்கு இத்தனை பேர் இரங்குகிறார்கள் என்றால் கர்த்தர் இந்த இரும்புக் குழாயையும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. 1911 ஜூனில் ஹெட்லிக்குப் பதவி உயர்வு வந்தது. காக்ஸ்வைன், மாலுமிகளில் மூத்தவன். அவன் மனைவி தாமசின் ரம் ஊற்றிப் பெரிய புட்டிங் ஒன்று செய்து துணியில் கட்டிக் கொடுத்தனுப்பினாள். காலையில் படகு கிளம்புமுன் பதினாறு பேரும் பிய்த்துத் தின்றார்கள். அதற்குப் பிறகு துறைமுகத்துக்கு வெளியே போய் முங்கினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஜேகோ பாட ஆரம்பித்தான். யாரோ அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏனோக்குக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. ஏதோ சந்தேகப்பட்டுக் கூண்டைப் பார்த்தான். மூன்று எலிகளும் ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு, வயிறு மெல்ல ஏறி இறங்க, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தான். முழங்கால் மடங்கியபோதுதான் லவ்டேயின் கேள்வி ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கண் விழித்தபோது அவன் படகின் மேல்தளத்தில், வெயிலில் கிடந்தான். தலை கிறுகிறுத்ததை உணர்ந்த கேப்டன் படகை மேலே கொண்டுவந்திருக்கிறார். உள்ளே விழுந்து கிடந்த ஏனோக்கை அக்குளில் கை கொடுத்து, குறுகலான ஏணி வழியே இழுத்துக்கொண்டு வந்தவன் ஹெட்லி. அவனைப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே இறங்கி ஜேகோவையும் தூக்கி வந்தான். ஜேகோவுக்கு மூச்சு இல்லை.

ஹெட்லி ஏனோக்கின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“நான்தான்டா குடுத்தேன்,” என்றான் ஏனோக்கின் காதில். “எல்லாரும் தின்னாங்களே, அதுங்க மட்டும் பார்த்துக்கிட்டு இருந்துச்சேன்னு ஆளுக்கு ஒரு வாய்... நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தே. ரம்மு ஊத்தினதுன்னு தோணவே இல்லைடா எனக்கு.”

ஏனோக் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“விசாரணை வரும். நான் சொல்லிடறேன். நீ வாயைத் தொறக்காதே. என் தப்பை நானே சொன்னாத்தான் எனக்கு ஆறும்.”

“சரிடா,” என்றான் ஏனோக்.

விசாரணை மூன்றாம் நாள் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். சுவரோரம் பெஞ்சில் படகின் ஆட்கள். முதலில் ஏனோக்கைக் கூப்பிட்டார்கள்.

“எலிகள் உன் பொறுப்பா?”

“ஆமாங்க ஐயா.”

“கூண்டில் புட்டிங் துணுக்கு கிடந்தது. நீ போட்டாயா?”

“இல்லைங்க ஐயா.”

“பின்னே யார்?”

ஏனோக் பெஞ்சுப் பக்கம் திரும்பினான். ஹெட்லி எழுந்திருக்கப் போகிறான் என்று காத்திருந்தான். ஹெட்லி மடியில் இருந்த தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதை நான் சொல்றது முறையில்லைங்க ஐயா,” என்றான் ஏனோக்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஹெட்லியைக் கூப்பிட்டார்கள்.

“ட்ரெகென்சா எலிகளை எப்படிப் பார்த்துக்கொள்வான்?”

“ரொம்ப நல்லாப் பார்த்துக்குவான் ஐயா,” என்றான் ஹெட்லி. குரல் நடுங்கவில்லை. “அதுங்க மேல அவனுக்கு உயிரு. இளகின மனசு அவனுக்கு. எதுவும் பசியோட இருந்தா பார்த்துக்கிட்டு இருக்க மாட்டான்.”

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் ஏனோக்குக்குப் பின்னாளிலும் ஆறவில்லை. அவனிடம் இருந்த ஒரே நல்ல குணத்தை எடுத்து அதையே அவன் கழுத்தில் கயிறாகப் போட்டுவிட்டான், கூடப் பிறந்தவனைப் போல இருந்தவன். அறையை விட்டு வெளியே வந்தபோது ஏனோக் வாசலில் நின்றான். ஹெட்லி அவன் பக்கம் பார்க்காமல் வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டான்.

ஏனோக்கின் சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டையை அறுத்தார்கள். நீர்மூழ்கிப் பிரிவிலிருந்து நீக்கி, ஒரு போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு அனுப்பினார்கள். அதையும் அவன் தாங்கியிருப்பான். விடுப்பில் வந்து ஜெபக்கூடத்தில் உட்கார்ந்தபோது, ரண்டில் அம்மா அந்த வரிசையிலிருந்து எழுந்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அந்த பெஞ்சில் அவன் மட்டும் இருந்தான். அடுத்த விடுப்பிலும், அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாசல்வரை போயிருக்கிறான். இத்தனை நாள் கழித்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், அவளுக்கு வெறுக்க ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் கிடைப்பான். மகன் கிடைக்க மாட்டான். இப்படி நினைத்து ஏனோக் வாசலோடு திரும்பி வந்துவிடுவான். ஹெட்லி சொல்ல வேண்டியது அது. அவன் சொல்வான் என்று ஒரு வருஷம் காத்திருந்தான். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டான்.

ஒரே ஒரு ஆள் மாறவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஆராதனை முடிந்ததும், லவ்டே அவன் பெஞ்சுக்கு வந்து காகிதத்தில் சுற்றிய குங்குமப்பூ பன் ஒன்றை நீட்டுவாள். “நானே சுட்டது மாமா. அடியில கொஞ்சம் கருகிடுச்சு.” அவளுக்கு எதுவும் தெரியாது. அவன் கப்பலில் இருக்கிற வருஷங்களில் தபாலில் வரும், கல்லாகக் காய்ந்து. அதை அவன் கட்டித் தேநீரில் ஊறவைத்து ஒரு துணுக்கும் விடாமல் தின்பான்.

இதற்கிடையில் சி-41க்கும் வயதாயிற்று. டீசல் இஞ்சின் வைத்த பெரிய நீர்மூழ்கிகள் வந்தன. பெட்ரோல் படகில் போகிறவர்களைப் பார்த்து, “கிழவிக்கு இருமல் எப்படி?” என்று கேலி பேசினார்கள். துறைமுக வாசலைச் சுற்றிவருவதைத் தவிர அதற்கு வேறு வேலை தரவில்லை. போர் வந்ததும் அந்தக் கிழவிக்கும் ஒரு வேலை கிடைத்தது.

வடகடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மீன்பிடிப் படகுகளை மறித்து, பீரங்கியால் சுட்டு மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு தூண்டில் போட்டார்கள். ஒரு மீன்பிடிப் படகு வலை இழுக்கிற மாதிரியே மெல்லப் போகும். அது இழுப்பது வலையை அல்ல. தண்ணீருக்கடியில் முங்கியிருக்கும் ஒரு சின்ன நீர்மூழ்கியை. இருநூறு கஜ எஃகுக் கயிறு, அதோடு சேர்த்துக் கட்டிய டெலிபோன் கம்பி. எதிரி வந்ததும் டெலிபோனில் சொன்னால், நீர்மூழ்கி தன் பக்கத்துக் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்த் தாக்கும்.

சி-41ஐ இழுத்த மீன்பிடிப் படகின் பெயர் மேரி தபித்தா. அதன் பின்தளத்தில் டெலிபோன் பக்கம் இருக்க, அந்த நீர்மூழ்கியின் போக்கு தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது. ஏட்டைப் புரட்டிப் பார்த்து ஏனோக்கை ஸ்காட்லாந்தின் அபெர்டீன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். 1915 ஏப்ரலில் அவன் போய்ச் சேர்ந்தான். டெலிபோனின் மறுமுனையில் இருந்தவன் ஹெட்லி.

அரை மணிக்கு ஒருமுறை பேச வேண்டும்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“கயிறு?”

“சரியா இருக்கு.”

நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஒரு காலையில், வழக்கமானதைச் சொல்லி முடித்த பிறகும் ஹெட்லி குழாயை வைக்கவில்லை.

“ஏனோக்.”

“சொல்லு.”

“எலிங்க முழிச்சிருக்கு.”

ஏனோக் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தான். கம்பியில் கடல் இரைகிற மாதிரி ஒரு ஓசை. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“சரி,” என்றான் ஏனோக். வைத்துவிட்டான்.

மேரி தபித்தாவின் தலைவர் மர்டோ கன் என்ற ஸ்காட்டுக்காரர். மீனவர்; வாய் ஓயாது. “ஓய், ஜெபக்காரா!” என்றுதான் ஏனோக்கைக் கூப்பிடுவார். “இந்தப் பக்கத்துக் கொக்கியை மட்டும் தொட்டே, உன்னைத் தூண்டில்ல கோத்துடுவேன். நான் சொன்னாத்தான் அவிழ்க்கணும். இருநூறு கஜம் இரும்பைக் கீழே விட்டா அந்தக் கிழவியோட மூக்குல தொங்கும். நேரா அடிக்குப் போயிடுவா. இல்லைன்னா சுழல்விசிறியில சுத்திக்கும். கடைசி வழிய்யா அது, கடைசி வழி.”

“புரியுதுங்க,” என்றான் ஏனோக்.

மே மாதம் ஒரு காலை, பத்து மணி இருக்கும். வலப்பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜெர்மன் நீர்மூழ்கி எழுந்தது. ஏனோக் டெலிபோனில் திசையும் தூரமும் சொன்னான். “கழட்டறோம்,” என்றது ஹெட்லியின் குரல். எதிரியின் பீரங்கி முழங்கியது. ஏற்கெனவே ஒத்திகை பார்த்தபடி மர்டோவும் ஆட்களும் பயந்து அலறுகிற மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டு சின்னப் படகை மறுபக்கம் இறக்கி அதில் குதித்தார்கள். டெலிபோன்காரன் மட்டும் மீன் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்திருக்க வேண்டும். ஏனோக் படுத்திருந்தான். தளத்தில் வேறு யாரும் இல்லை.

இரண்டாவது குண்டு முன்பக்கத்தைத் துளைத்தது. மூன்றாவது பின்தளத்து விளிம்பைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. டெலிபோன் கம்பியும் அதோடு போயிற்று. ஏனோக் தலையைத் தூக்கிப் பார்த்தான். கயிறு இன்னும் கொக்கியிலேயே இருந்தது. அது தொய்யவில்லை. விறைத்து ஒரு பக்கம் போயிற்று, வெடுக்கென்று இழுத்தது, தளர்ந்தது, மறுபடி வெடுக்கென்று இழுத்தது, முளையில் கட்டிய கன்று திமிறுகிற மாதிரி. அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே கொக்கி கழலவில்லை. இறுகிக்கொண்டுவிட்டது.

மேரி தபித்தாவின் மூக்கு தாழ்ந்துகொண்டிருந்தது. அது மூழ்கினால் கயிற்றோடு சி-41ஐயும் பதினாறு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இந்தப் பக்கத்துக் கொக்கியைப் பூட்டியிருந்த கடையாணி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் சுத்தியல். மர்டோ சின்னப் படகில் இருந்தார். உத்தரவு கேட்க வழியில்லை. கயிற்றை விட்டு, அந்தக் கனத்தில் நீர்மூழ்கி அடிக்குப் போனால், ஜேகோவைக் கொன்றவன் என்ற பெயரோடு இன்னும் பதினாறு பேர் சேர்வார்கள். இந்தத் தடவை அதில் பொய் இருக்காது. விடாமல் இருந்தால்? உத்தரவு வரவில்லை என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

கயிறு மறுபடி வெடுக்கென்று இழுத்தது.

அக்குளில் ஒரு கை. குறுகலான ஏணி. ஒவ்வொரு படியிலும் முதுகு இடித்த வலிகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. இந்த உயிர் நான்கு வருஷமாக அவனுடையது இல்லை. அவனை இழுத்துக்கொண்டு வந்தவனுடையது. அவனே பிறகு என்ன செய்தான் என்பது வேறு கணக்கு. கர்த்தாவே, கிழவி மூக்கை மட்டும் தூக்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொண்டே ஏனோக் சுத்தியலை எடுத்தான்.

மூன்றாவது அடியில் கடையாணி பிய்ந்து வந்தது. கயிறு சாட்டை மாதிரிச் சீறிக்கொண்டு கடலுக்குள் போயிற்று.

அவன் குப்புறப் படுத்துக் காத்திருந்தான். நூறுவரை எண்ணினான். இன்னொரு நூறு. இடப்பக்கம் வெகு தூரத்தில் ஒரு பெரிஸ்கோப்பின் தலை தெரிந்தது. ஜெர்மன்காரனும் அதைப் பார்த்துவிட்டான். பீரங்கியை அப்படியே விட்டுவிட்டு அவசரமாக முங்கி ஓடிப்போனான். சுட்ட டார்பீடோ அவனைத் தொடவில்லை. யாரும் சாகவில்லை, அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி. அது போதும் என்றிருந்தது ஏனோக்குக்கு.

மர்டோ திரும்ப ஏறிவந்ததும் பிய்ந்த விளிம்பையும் காலிக் கொக்கியையும் பார்த்தார். “பாருய்யா! அவன் குண்டே கயித்தை அறுத்து விட்டிருக்கு! இந்த மாதிரி உதவி பண்ற எதிரியை நான் கண்டதில்லை.” சொல்லிவிட்டு ஓட்டையை அடைக்கவும் தண்ணீரை இறைக்கவும் ஓடிவிட்டார். ஏனோக்கிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடையாணி அவன் சட்டைப்பையில் கனத்தது.

மறுநாள் அபெர்டீன் துறையில் ஹெட்லி அவனைத் தேடிக்கொண்டு வந்தான். நரைத்திருந்தான்.

“கொக்கி கழலவே இல்லைடா,” என்றான். “நாலு பேர் சுத்தியலால அடிச்சோம். செத்தோம்னு நினைச்சேன். திடீர்னு விடுபட்டுச்சு. மூக்கு குத்திக்கிட்டுக் கீழ போகுது. எல்லாரையும் வால் பக்கம் ஓடச் சொன்னேன். சமையல்காரன் பானையோட ஓடறான்! பானை எதுக்குடான்னா, கனம் வேணும்னு சொன்னீங்களேங்கறான்.” சிரித்தான். “மேல வந்ததும் மிச்சக் கயித்தை வெட்டிக் கடல்ல விட்டுட்டோம். குண்டு வந்து அறுத்துச்சாமே? மர்டோ சொன்னாரு. கர்த்தரோட கைதான் இல்லையா அது?”

“அவர் கைதான்,” என்றான் ஏனோக்.

ஹெட்லி போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். “ஏனோக், அன்னிக்கு அந்த ரூம்ல...” சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். “லவ்டே உனக்கு பன் அனுப்பியிருக்கா. போன மாசமே வந்துச்சு. குடுக்கத்தான்... இந்தா.”

ஏனோக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். ஹெட்லி தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான். இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

போர் முடிந்து ஏனோக் டார்பாயின்ட்டுக்கே வந்தான். படகுத்துறையில் கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்தது. ரண்டில் அம்மா இன்னும் பின் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அவள் எழுந்து போகிற ஒவ்வொரு ஞாயிறும் அவன் கை சட்டைப்பைக்குள் போகும். கடையாணி அங்கே இருக்கும். அதை மேசைமேல் வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஊர் எழுந்து நிற்கும். ஹெட்லியே அப்போது வாய் திறந்துவிடக்கூடும். கை வெறுமையாகவே வெளியே வரும். விலை பேசுவதற்காக அல்லவே அதைச் செய்தது என்று நினைத்துக்கொள்வான். அடுத்த ஞாயிறு மறுபடி கை போகும்.

1920 வசந்தத்தில் சி-41 உடைக்கிறவர்களுக்கு விற்கப்பட்டு, ஆற்றின் மேல்பக்கம் ஒரு சேற்றுக் கழிமுகத்தில் வந்து நின்றது. நல்ல காலை வெயில். உடைக்கிற ஆட்கள் கரைமேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏனோக் பலகை வழியாக நடந்து, திறந்திருந்த மூடிக்குள் இறங்கினான். இஞ்சினை எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் அவன் எழுதியது அழிந்திருந்தது. கூண்டு தொங்கிய இரும்பு வளையம் மட்டும் அப்படியே இருந்தது.

சட்டைப்பையிலிருந்து கடையாணியை எடுத்தான். ஐந்து வருஷம் கைபட்டுப் பளபளத்திருந்தது. அதை அந்த வளையத்துக்குள் செருகினான். கச்சிதமாக நின்றது.

ஏணியின் ஒவ்வொரு படியாக, மெதுவாக, யாரும் இழுக்காமல் மேலே ஏறி வந்தான். இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் உலையில் உருகிவிடும்.